கலெக்டர் கொடுத்த நாள்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நமது சகதர்மிணி ஒரு சுபசமாசாரம் கொண்டுவந்தாள். இரவு முழுவதும் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. "இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாதாம். கலெக்டர் உத்தரவு போட்டுவிட்டார், டெலிவிஷனில் சொல்கிறார்கள்" என்றாள். நாம் போர்வையை இன்னும் ஒரு முழம் மேலே இழுத்துக்கொண்டோம். நாற்பத்தைந்து வயதான ஓர் உபாத்தியாயர், மழை விடுமுறை என்றதும் ஆறாம் வகுப்புப் பையனைப் போல் குதூகலப்படலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். தாராளமாகப் படலாம் என்பதே நமது அபிப்பிராயம். பள்ளிக்கூடத்துக்குப் போக மனமில்லாதவர்கள் பையன்கள் மட்டுந்தான் என்று யார் சொன்னது?

ஆனால் திண்ணைக்கு வந்தபோது சந்தோஷம் சற்றுக் குறைந்தது. அடுத்த வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சம்பா நடவு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரை வடிய விடாவிட்டால் பயிர் அழுகிவிடும். அவருக்குக் கவலை தந்த மழை நமக்கு ஓய்வு தந்தது. ஒரு குழி நிலங்கூட இல்லாத நாம் அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு உள்ளே வந்துவிட்டோம்.

ஓய்வில் பல தினுசு உண்டு. கோடை விடுமுறை வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே, இன்னின்ன புத்தகங்கள் படிப்பது என்று நாம் ஒரு ஜாபிதா தயாரிப்பது வழக்கம். விடுமுறை வந்தால் முதலில் விடைத்தாள்கள் வரும். பிறகு மைத்துனர் வீட்டுக் கிருகப்பிரவேசம். பிறகு ஒன்றுவிட்ட தமக்கையின் பெண்ணுக்குக் கல்யாணம். அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஜாபிதா மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் இருக்கும். முன்கூட்டித் தெரிந்த ஓய்வுக்கு எப்போதும் இந்தக் கதிதான். நமக்குத் தெரியும்போதே நம் பந்துக்களுக்கும் தெரிந்துவிடுகிறது அல்லவா? கலெக்டர் காலை ஆறு மணிக்குக் கொடுக்கும் நாள் அப்படியல்ல. அதன் மீது யாருக்கும் பாத்தியதை இல்லை. மழையில் நம்மைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். நம்மையும் எங்கேயும் அனுப்ப முடியாது.

ஆயினும் வீட்டில் புத்தகம் இருந்தால்தான் அப்படிப்பட்ட நாள் பயன்படும். கொட்டுகிற மழையில் நூலகத்துக்கு ஓடுவது நடவாத காரியம். அன்று நம் வீட்டில் ஒரு புத்தகம் இருந்ததற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்.

அதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன், வாசிப்பின் மேன்மையைப் பற்றி வகுப்பில் பிரமாதமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பெண் எழுந்து நின்று, "ஸார், நீங்கள் கடைசியாகப் படித்தது என்ன புத்தகம்?" என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். நாம் சிறிதும் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னோம். அதைப் படித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது! கடைசியாகப் படித்தது அதுவே என்பதால் நாம் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் மெய்யென்று சொல்ல நாக்குக் கூசுகிறது. அன்று சாயங்காலமே கிளை நூலகத்துக்குச் சென்று, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்னும் நூலை எடுத்துவந்தோம். நூலகர் ரொம்ப நாட்களாகக் காணாத உறவினரைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்த்தார். எடுத்துவந்த புத்தகம் மூன்று வாரம் கேள்வித்தாள் கட்டுக்கு அடியில் அமைதியாகப் படுத்திருந்தது. திருப்பித் தரவேண்டிய தேதியும் கடந்துவிட்டது.

அன்று காலை அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: முதல் ஒரு மணி நேரம் படிப்பு ஓடவேயில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை கை தானாகவே செல்போனைத் தேடிச் சென்றது. ஒரே பாராவை மூன்று தடவை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. நமக்கு நேரந்தான் இல்லை என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். நேரத்தோடு பழக்கமும் போய்விட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. சற்றுப் பயமாகக்கூட இருந்தது. நல்ல வேளையாக ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. பத்தரைக்குள் செல்போனும் கண்ணை மூடியது. அதற்குப் பிறகு நாமும் ஐயரவர்களும் மழையுந்தான் பாக்கி.

அந்தச் சரித்திரம் 1940 முதல் 1942 வரையில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது; ஐயர் காலமானதால் முடிவு பெறாமலே நின்றது; 1950-ல் புத்தகமாயிற்று. கல்லூரி நாட்களில் பரீட்சைக்கு வேண்டிய மட்டும் நாம் அதைப் புரட்டியதுண்டு. இப்போது மத்தியானத்துக்கு மேல், ஐயர் 1880-ஆம் வருஷம் கும்பகோணம் கல்லூரியில் உபாத்தியாயராக அமர்ந்த கட்டத்துக்கு வந்தோம். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. சேலம் இராமசுவாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருக்கிறார். ஐயர் மரியாதைக்காக அவரைப் பார்க்கப் போகிறார். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய வரிசையாகவே சொல்கிறார். முதலியார் சிறிதும் அசையவில்லை. அவற்றால் என்ன பயன் என்ற தோரணையில் பேசி, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் பெயரளவில் அறிந்ததைத் தவிர அந்நூலைக் கண்டதில்லை. அந்த ஒரு கேள்வி அவரை விடவேயில்லை. ஏட்டுப் பிரதிகளைத் தேடினார். ஜைன சமய விஷயங்கள் விளங்காதபோது கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார்.

இவ்விடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் உபாத்தியாயர், நாமும் உபாத்தியாயர். அவரிடமும் ஒருவர் கேட்டார், நம்மிடமும் ஒருத்தி கேட்டாள். அவர் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புமை அதற்கு மேல் செல்லாது. செல்ல வேண்டியதும் இல்லை.

இருட்டுகிற வரையில் இருநூறு பக்கம் படித்திருந்தோம். காப்பி கொண்டுவந்த சகதர்மிணி, "சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் வருஷா வருஷம் கட்டுகிறோமே, இன்றைக்குத்தான் அதில் கொஞ்சம் வசூலாயிற்று" என்றாள். அவள் கணக்கு எப்போதும் தப்பாது. சென்னை மாகாணத்தில் 1948-ஆம் வருஷத்தில் பொது நூலகச் சட்டம் செய்தபோதே இந்த வரிக்கு வழி செய்துவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பல வருஷம் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதனும் ஆதியில் கணித உபாத்தியாயரே. 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை நூலகராகப் போனவர், அங்கே தனிமை தாங்காமல் வகுப்புக்கே திரும்பிவிட விரும்பினாராம்! லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்து வந்த பிறகுதான் அவருக்கு அந்த வேலையில் பற்று உண்டாயிற்று. 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அதே வருஷத்தில் நமது ஊருக்கு அருகிலுள்ள மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அலமாரியின் முன்னால் செலவாகும் நேரத்தை அவர் மிச்சப்படுத்தினார். வாசலுக்கே வண்டியும் வந்தது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தை மட்டும் எந்தச் சட்டத்தாலும் கொண்டுவந்து தர முடியவில்லை. அதற்கு மழைதான் பெய்ய வேண்டியிருக்கிறது.

மறுநாள் வானம் வெளுத்தது. அடுத்த வீட்டுக்காரர் முக்கால்வாசிப் பயிர் தப்பியது என்றார். விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமென்று உத்தரவும் வந்தது. மிச்சமிருந்த பக்கங்களை இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாரத்தில் முடித்தோம். அந்தச் சனிக்கிழமை வகுப்பில், சென்ற மாதம் நாம் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்வதாக அறிவித்து, உள்ளதை உள்ளபடி சொன்னோம். பையன்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, "முன்சீப் அப்படிக் கேட்டதற்கு அவருக்குக் கோபம் வரவில்லையா, ஸார்?" என்றாள்.

சாயங்காலம் அபராதம் கட்டிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதிலிருந்த தேதிச் சீட்டை அப்போதுதான் கவனித்தோம். நமக்கு முந்திய முத்திரை 2014-ஆம் வருஷத்தது. அதற்குக் கீழே நம்முடையது. திங்கட்கிழமை அதன் கீழே இன்னொரு முத்திரை விழுந்தது. நீங்களே படித்துப் பாருங்கள் என்று நாம் சொன்ன பதிலில் அந்தப் பெண்ணுக்குத் திருப்தி ஏற்படவில்லை போலும். இப்போது புத்தகம் அவளிடம் இருக்கிறது.