ஓ.எஸ். மாற்ற யாரைக் கேட்பது?

இலவச மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் (ஓ.எஸ்.) இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். திரையோ விசைப்பலகையோ பழுதானால் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையம் இருந்தது. இரண்டு இயங்குதளங்களில் ஒன்றை எடுத்துவிட நினைத்த மாணவருக்கு என்ன இருந்தது? பஜாரில் ஒரு கடை இருந்தது. அதுவும் இல்லாவிட்டால் விவரம் தெரிந்த பக்கத்துத் தெரு அண்ணன் இருந்தார்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் அந்த மாணவர்களில் பலர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினியே அதுதான். லினக்ஸ் பழக்கமில்லை, இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அது இருந்த வட்டுப் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, அழித்துவிடுவார்கள். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரை. மூலையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கும் கர்சர்.

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதான். கணினியைத் துவக்கும் சிறு நிரல் வட்டின் முதல் துண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மீதிப் பாகம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருந்தது. மீதியை அழித்தாயிற்று, முதல் பாகம் அதைத் தேடித் தவிக்கிறது. விண்டோஸுக்கு ஒரு சேதமும் இல்லை. அதில் இருந்த படங்கள், புராஜெக்ட், பாட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு விண்டோஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, துவக்கப் பகுதியைத் திருத்தும் கட்டளையை அடித்தால் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதைச் சொல்ல அருகில் ஆள் இல்லாததால் முழு வட்டையும் ‘பார்மட் அடித்து’ எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஏராளம். அழிந்தது தவறான பொத்தானால் அல்ல. சரியான ஆளைக் கேட்க முடியாததால்.

இயங்குதளச் சிக்கலில் இன்னொரு கொடுமையும் உண்டு. வேறு பல கோளாறுகளுக்கு அந்தக் கணினியிலேயே தீர்வு தேடிப் பார்க்கலாம். இதில் கணினியே படுத்துவிடுகிறது. அதனால் கையில் இருக்கும் போனில் திரையைப் படம் பிடித்து, தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். தெரிந்தவர் சென்னையில் வேலையில் இருப்பார். இரவுதான் பதில் சொல்வார். அதற்குள் பொறுமை போய், இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடிக் கூப்பிட்டால் மோசடிக்காரர்கள் கையில் சிக்கும் அபாயம் இருக்கிறது. எனிடெஸ்க் போன்ற செயலிகள் வழியாகத் தொலைவிலிருந்தே உள்ளே புகுந்து பணத்தை எடுப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. மைக்ரோசாப்ட் உதவி மையம் என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டினரை ஏமாற்றிய கால் சென்டர்களை சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா’ என்ற பெயரில் தேடிப் பிடித்தது. உதவி கேட்பவரின் பதற்றத்தையே முதலாக்கிக்கொண்ட தொழில் அது. பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதாவது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் மீது குறை சொல்வது எளிது. திருத்தணி ம.பொ.சி. சாலையிலோ ரயில் நிலையத்துப் பக்கத்திலோ சின்னக் கடையில் உட்கார்ந்திருப்பவர் சில நூறு ரூபாய்க்கு ஓ.எஸ். போட்டுக் கொடுக்கிறார். கோளாறு எங்கே என்று தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கே தெரியாது. தேடிய நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுப்பவர் யாரும் இல்லை. பார்மட் என்றால் நேரம் கணக்கிட்டுவிடலாம், பக்கத்து மேசையில் இன்னொரு கணினியையும் ஓட்டலாம். “டேட்டா எதுவும் வேணுமாண்ணா?” என்று ஒரு கேள்வி கேட்பார். ‘டேட்டா’ என்றால் எது எதுவெல்லாம் என்று புரியாமல் வாடிக்கையாளர் “வேணாம் தம்பி” என்று சொல்லிவிடுவார். டெஸ்க்டாப்பில் கிடந்த பட்டா நகலும் பிள்ளையின் புராஜெக்ட்டும் அந்த ஒரு சொல்லோடு போய்விடும். இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள அந்தக் கடைத் தம்பிக்கும் யாரும் இடம் ஏற்படுத்திக் கொடுக்கவில்லை.

ஆனால் அவர் போடுவது பெரும்பாலும் ‘கிராக்’ விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்வதற்காக ஓடும் நிரலை அனுமதிக்க முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார்கள். ஸ்டாப் என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது இப்படிப்பட்ட கிராக் நிரல்களில் ஒளிந்துதான். அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று அதையும் நிறுத்திவைப்பார்கள். அப்டேட் நின்றால் என்ன ஆகும் என்பதை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்கியபோது சித்தூர் உட்படச் சில மாவட்டங்களில் ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் முடங்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டுவிட்டது. போடாமல் விட்ட இடங்களில் நோய் புகுந்தது.

இன்றைய நெருக்கடி அதைவிடப் பெரியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தோற்றுவிடும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் காவல் இல்லை. பதிவு செய்துகொண்டால் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அப்டேட்டையே நிறுத்திவைத்து கிராக் விண்டோஸ் ஓட்டுபவருக்கு அந்த வழியும் பயன்படாது. பழைய கணினிக்கு உபுண்டு, மின்ட், பாஸ் என்று ஏதாவதொரு லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் பத்திரமாக ஓட்டலாம். அதைப் போட்டுக் கொடுக்கத் திருத்தணியில் யார் இருக்கிறார்கள்?

புதிய கணினி வாங்கினால் வேறு ஆபத்து. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகள் மைக்ரோசாப்ட் கணக்கு வழியாக நிறுவப்படும்போது வட்டைத் தானாகவே பூட்டிவிடுகின்றன. மீட்புச் சாவி 48 இலக்க எண். அது அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. அவசரத்துக்குக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவியிருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து லினக்ஸ் போடலாம் என்று பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினால் நீலத்திரை அந்த 48 இலக்கத்தைக் கேட்கக்கூடும். கடை மூடியிருந்து சாவியும் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை மீட்பது வல்லுநருக்கும் ஏறக்குறைய முடியாத காரியம். ஓ.எஸ். போட்டு முடித்ததும் “எந்த மெயில் ஐடியில் போட்டீங்க?” என்று கேளுங்கள். சாவியை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் இடத்தில் வையுங்கள்.

உதவி செய்வதையே ஒரு பழக்கமாக வைத்திருக்கும் குழுக்கள் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக மாதந்தோறும் கூடி வருகிறது. காஞ்சிபுரத்தில் ஒன்று இருக்கிறது. விழுப்புரம் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. கணியம் இதழ் 2012 தொடக்கத்திலிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி எழுதுகிறது. இவர்கள் கூலி வாங்காமல் செய்யும் தொண்டுக்கு இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் தன்னார்வலர்கள் எல்லாத் தாலுகாவுக்கும் வந்து சேர முடியாது.

அரசுக்கு இது புதிய விஷயமும் அல்ல. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு துறைகளைத் தமிழக அரசு கேட்டுக்கொண்டது. சுற்றறிக்கை ஒரே நாளில் போய்விடும். மாற்றிக் கொடுக்கும் கைகள்தான் ஊருக்கு ஊர் வேண்டும். கேரளம் இந்த இடத்தில் நம்மை முந்தியது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது ஆசிரியர்களையே பயிற்றுநர்களாகத் தயார் செய்தது. அதன் வாரிசான கைட் நிறுவனம் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளிதோறும் மாணவர் குழுக்களை உருவாக்கியது. அந்தப் பிள்ளைகள் பொதுமக்களின் கணினியில் இயங்குதளம் நிறுவிக் கொடுக்கும் முகாம்களே நடத்தியிருக்கிறார்கள். அங்கே உதவி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது.

தமிழகத்தின் 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. வரவேற்கிறேன். முன்னர் கொடுத்த 50 லட்சம் மடிக்கணினிகளில் எத்தனை, ஓ.எஸ். கெட்டதாலேயே பரண் ஏறின என்று ஒரு கணக்கெடுத்துவிட்டு அடுத்த டெண்டரை எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் மாதம் ஒரு சனிக்கிழமை ஓர் அறையைத் திறந்துவைப்பதில் தொடங்கலாம். நாலைந்து பென் டிரைவ், கோப்புகளை நகலெடுத்து வைக்கப் பெரிய வெளி வட்டு ஒன்று, பயிற்சி பெற்ற பத்து மாணவர்கள் போதும். நகல் எடுக்காமல் யார் கணினியிலும் கை வைப்பதில்லை என்பது அவர்களின் முதல் விதியாக இருக்கட்டும். இயங்குதளம் போடுவதைப் போலவே எடுப்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எடுக்கும்போதுதான் அதிகம் இழக்கிறோம். தமிழிலும் தெலுங்கிலும் பேசத் தெரிந்த பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது; 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த தாலுகா இது, இரண்டு மொழியும் வீட்டில் புழங்கும் ஊர். பஜார் கடைக்காரர்களையும் அழையுங்கள். அவர்கள் அங்கே கற்றுக்கொண்டு போனால் மற்ற நாட்களில் அவர்கள் கடைகளிலும் அதே உதவி கிடைக்கும். இதற்கு ஆகும் செலவை அந்த 2,000 கோடியின் ஓரத்திலிருந்தே எடுக்கலாம்.