லாபம் பிரான்சுக்கு, ஆபத்து ஜைதாபூருக்கு

மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஜைதாபூர். அல்போன்சா மாந்தோப்புகளும் மீன்பிடித் துறைகளும் நிறைந்த பகுதி. இங்கே தலா 1,650 மெகாவாட் திறனுள்ள ஆறு பிரெஞ்சு அணு உலைகளை நிறுவும் திட்டத்துக்காக, 2010 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் சார்க்கோசி தில்லி வந்தபோது மன்மோகன் சிங் அரசு ஒப்பந்தம் செய்தது. மாட்பன் உள்ளிட்ட ஐந்து கிராமங்களில் சுமார் 938 ஹெக்டேர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. பெரும்பகுதி தரிசுதான் என்றது அரசு. செம்பாறை மேட்டில் மா வளர்த்தவர்களிடமே அப்படிச் சொன்னது! நிலவுடைமையாளர்களில் பெரும்பாலோர் இழப்பீட்டுக் காசோலையைத் தொடவே மறுத்தனர்.

மீனவர்களின் நிலை இன்னும் மோசம். கடலுக்குப் பட்டா கிடையாது. உலைகளைக் குளிர்வித்துத் திரும்பும் வெந்நீர் தங்கள் மீன்வளத்தை விரட்டிவிடும் என்று சாக்ரி நாட்டே மீனவர்கள் அஞ்சினர். புகுஷிமா விபத்து நடந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 2011 ஏப்ரல் 18 அன்று அங்கு போராடிய மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒருவர் உயிரிழந்தார்.

இத்தனை ஆண்டுகளாகியும் ஜைதாபூரில் ஓர் உலைகூட எழவில்லை. அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டமே இதற்குத் தடை என்று அந்நிய நிறுவனங்கள் புலம்பின. உண்மை வேறு. இதே ரக உலையைப் பிரான்ஸ் தன் சொந்த மண்ணில், ஃபிளமான்வில்லில், 2007இல் கட்டத் தொடங்கியது. 330 கோடி யூரோ என்று போட்ட மதிப்பீடு 1,300 கோடியைத் தாண்டியது. 2012இல் தர வேண்டிய மின்சாரம் 2024 டிசம்பரில்தான் வந்தது. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவிலும் இதே கதைதான். இந்தத் தாமதத்துக்கும் விலையேற்றத்துக்கும் இந்தியச் சட்டமா காரணம்?

அப்படி என்னதான் சொன்னது 2010ஆம் ஆண்டுச் சட்டம்? இயக்கும் நிறுவனத்தின் பொறுப்பையே வெறும் 1,500 கோடி ரூபாய்க்குள் அடக்கிவிட்ட சட்டம் அது. ஆனாலும், குறைபாடுள்ள கருவியால் விபத்து நேர்ந்தால் கொடுத்த இழப்பீட்டை உலை வழங்கிய நிறுவனத்திடம் திரும்பக் கோர, 17(பி) பிரிவு உரிமை தந்தது. போபால் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் நினைவு பின்னணியில் இருந்ததால் கிடைத்த பிரிவு இது. 47 கோடி டாலரோடு யூனியன் கார்பைடைத் தப்பவிட்ட நாடு இது. அந்தப் பிரிவை நீர்த்துப்போகச் செய்ய அன்றைய அரசு முயன்றபோது இடதுசாரிகள் எதிர்த்தார்கள். எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவும் எதிர்த்தது.

அதே பாஜகவின் நிதியமைச்சர் 2025 பிப்ரவரி 1 அன்று, தனியார் பங்கேற்புக்காக அணுசக்திச் சட்டத்தையும் இழப்பீட்டுச் சட்டத்தையும் திருத்தப்போவதாக அறிவித்தார். இரண்டே வாரத்தில், மோடி–டிரம்ப் கூட்டறிக்கையில் இந்த அறிவிப்பு வரவேற்கப்பட்டது. இந்தத் திருத்தம் யாருக்காக என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. குஜராத்தின் கக்ராபாரில் இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த 700 மெகாவாட் கனநீர் உலைகள் இயங்குகின்றன. அவற்றுக்காக எந்த அந்நிய நிறுவனத்துக்கும் சட்டவிலக்கு தர வேண்டியிருக்கவில்லை. தன் உலை பாதுகாப்பானது என்று விற்கும் நிறுவனம், அது பழுதானால் பொறுப்பேற்க மட்டும் மறுக்கிறது. 17(பி) பிரிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கக் கூடாது. ஜைதாபூர் ஒப்பந்தத்தை ரத்துசெய்து, மாட்பன் மக்களின் நிலத்தை அவர்களிடமே திருப்பித் தர வேண்டும்.