பிள்ளைகளின் முதுகில் யாருடைய சின்னம்?

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் நம் பிள்ளைகள் இரண்டே உருவங்களில்தான் தென்படுகிறார்கள். ஒன்று, பரட்டைத் தலையோடு கேமராவை அண்ணாந்து பார்க்கும் குழந்தை. இன்னொன்று, பலூன் பிடித்த யானை, கண் சிமிட்டும் சூரியன் என அங்கன்வாடிச் சுவரிலிருந்து இறங்கி வந்த பொம்மைகள். முதல் படம் நன்கொடையாளருக்கு. இரண்டாவது நம் பிள்ளைகளுக்காம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற, தானே ரீல்ஸ் எடுத்துப் போடுகிற 15 வயதுப் பெண்ணை யானைப் பொம்மை காட்டி மாலைநேரப் படிப்பகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அவள் வரவில்லையென்றால், 'இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

வளரிளம் பருவத்துக்கு என்று தனிக் கண் உண்டு. 8 வயதில் பிடித்தது 14 வயதில் கூச்சம் தரும். இதெல்லாம் எந்த விளம்பர நிறுவனத்துக்கும் தெரிந்த பாடம். பிஸ்கட்டையும் செல்போனையும் விற்கிறவர்கள் இதில் தவறுவதில்லை. சேரிப் பிள்ளைகள் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பாடம் மறந்துவிடுகிறது. எத்தனை வயதானாலும் அவர்கள் 'பாவம், குழந்தைகள்'.

ஆனால் ரசனையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, நாங்கள் பேச வந்தது அதைத்தான். பள்ளி திறக்கும் மாதத்தில் காலனியில் இலவசப் பை கொடுப்பார்கள். பையின் முன்பக்கம் முழுக்க நிறுவனத்தின் லோகோ, பளிச்சென்ற நிறத்தில், பத்தடி தூரத்திலிருந்தும் தெரியும்படி. ஊர்த்தெருவில் அந்தப் பை கொடுக்கப்படவில்லை. ஜூன் மாதம் வகுப்பறைக்குள் நுழையும்போது யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவே வேண்டாம். ஆசிரியருக்கும் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். பெயரை வைத்தும் அப்பாவின் வேலையை வைத்தும் தோண்டித் துருவிச் சாதியைக் கண்டுபிடிக்கிற சமூகத்துக்கு அந்த வேலையை நாமே மிச்சப்படுத்திக் கொடுக்கிறோம். நன்கொடையாளரின் கண்ணுக்கு அது 'பிராண்ட்'. சுமக்கிற பிள்ளைக்கு அது அடையாள அட்டை.

தமிழ்நாட்டில் நிறம் என்பது வெறும் நிறமாக இருந்ததே இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு கயிறு கட்டி மாணவர்கள் வருவதைக் கண்டறிந்து தடுக்கும்படி 2019-இல் பள்ளிக் கல்வித்துறையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கைக்கயிறு, நெற்றிக் குறி மட்டுமல்ல, சாதி நிறம் பூசிய சைக்கிள் வரை தடுக்கச் சொல்கிறது. இப்படிப்பட்ட மண்ணில், 'யூத்துக்குப் பிடிக்கும்' என்று ரப்பர் கைப்பட்டை அடித்துக் கொடுக்க வேண்டும் என எந்த அலுவலகத்திலாவது யோசனை எழுந்தால், அந்த அறையில் நம் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்றே அர்த்தம்.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் நீலத்தை ஒளித்துவைக்கச் சொல்கிறீர்களா? இல்லை. சின்னத்தின் வலிமை நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? 1960களில் அமெரிக்காவின் அலபாமாவில் லௌண்ட்ஸ் கவுண்டி என்ற பகுதியில் கறுப்பின மக்கள் தங்களுக்கென ஒரு கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க ஏதுவாக வாக்குச்சீட்டில் சின்னம் வேண்டும். அங்கே வெள்ளையர் ஆதிக்கக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். இவர்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கல்லூரி விளையாட்டு அணியின் சின்னத்தைப் பார்த்து வரைந்தது அது! 1966-இல் ஓக்லாந்து இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள், பிறகு மதுரை வழியாக அந்தப் பெயர் நம் சுவர்களுக்கு வந்து சேர்ந்தது. இந்த வழி நெடுகிலும் சின்னத்தைத் தாங்கியவர்கள் இளைஞர்கள், அதைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. யாரும் பையோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கவில்லை.

எனவே எங்கள் நிலைப்பாடு இதுதான். படிப்பகத்தின் சுவரில் அண்ணலை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வரையுங்கள், நீலத்தை அள்ளிப் பூசுங்கள். அது நம் இடம். ஆனால் பிள்ளையின் முதுகில், கையில், சட்டையில் எதுவும் அச்சடிக்காதீர்கள். ஜெய்பீம் டி-ஷர்ட்டை 18 வயதில் அவரே வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும், அது வேறு கதை. அரசே 2025-இல் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பொதுப்பெயர் வைத்திருக்கிறது. பெயர்ப்பலகை பிள்ளைகளை என்ன செய்யும் என்பது கோட்டைக்கே புரிந்திருக்கிறது, தொண்டு நிறுவனங்களுக்குப் புரிய இன்னும் எத்தனை ஆண்டுகள்?

சுவரில் என்ன வரைவது என்பதிலும் கொஞ்சம் யோசிக்கலாம். நம் பிள்ளைகள் கம்பிக்கூண்டுக்குள் விரல் நீட்டி நிற்கும் வயதான அண்ணலையே பார்த்து வளர்கிறார்கள். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறிய பையன், 1913-இல் 22 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவன் எங்கே? 16 வயதுக்காரருக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் அந்த அம்பேத்கர்தான். 2011-இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா' சித்திர நூலைப் பாருங்கள். பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பாத்திரங்களைக் கட்டம்போட்டு அடைக்க மறுத்துவிட்டார்கள். சிறுவன் பீமின் தாகத்தை அதில் பார்க்கிறவருக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் வரும். பதின்வயதுக்கு ஏற்ற ஓவியம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வன்முறைக்கு ஆளான சிறாரின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. 'நிதி திரட்டத்தான்' என்ற விதிவிலக்கு அதில் இல்லை.

கடைசியாகக் காசு விஷயம். லோகோவுக்குச் சென்னை ஏஜென்சிக்குப் பணம் ஒதுக்குகிறீர்கள். காலனியில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற தம்பி இருக்கிறார், கவின்கலைக் கல்லூரியில் படிக்கிற தங்கை இருக்கிறார், தேர்தல் தோறும் சுவரெழுத்து எழுதுகிற அண்ணன் இருக்கிறார். படிப்பகத்துக்கு வருகிற பிள்ளைகளோடு அவர்களை உட்காரவையுங்கள். எட்டு வயதுக்காரர்கள் ஒரு சுவரையும் பதினாறு வயதுக்காரர்கள் இன்னொரு சுவரையும் கேட்பார்கள், இரண்டையும் கொடுங்கள். ஏஜென்சிக்குக் கொடுக்க இருந்த கூலியை அவர்களுக்குக் கொடுங்கள். 'நம்ம பிள்ளைகளுக்குத்தானே' என்று சொல்லி ஓசியில் வாங்காதீர்கள்.