லிட்டர் அதே லிட்டர்தானா?

காரின் மைலேஜைக் கணக்கிட நிபுணர் யாரும் தேவையில்லை. டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துவைத்து, மறுமுறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை அப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்த பிறகு பழைய வண்டிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் முறையிடுகிறார்கள். அதற்கு அரசிடமிருந்து கிடைத்த பதில், இது அளவுக்கு மீறிய பதற்றம் என்பது. 10 சதவீதக் கலப்பும் ஒரு தெரிவாக இருக்கட்டும் என்ற கோரிக்கைக்கு இடமில்லை. விலையிலும் சலுகை இல்லை. வண்டி எந்த ஆண்டில் வாங்கியதாக இருந்தாலும் இதைத்தான் போட வேண்டும், அதே விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே முடிவு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் ஆனால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல்தான் தேறும். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. இது எதிர்க்கட்சிக்காரர் போட்ட கணக்கு அல்ல. 2021 ஜூனில் வெளியான நிதி ஆயோக்கின் எத்தனால் வழித்திட்டமே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று சொன்னது. அரசின் 2025 ஆகஸ்ட் விளக்கத்தில் அது 3 முதல் 6 சதவீதம் ஆகிவிட்டது. அதுவும் இரண்டாம் இடத்தில்தான். முதலில் வைத்தது, பொருத்தமான வண்டிகளுக்கான 1 முதல் 2 சதவீதம் என்ற சின்ன எண்ணை. 20 சதவீதக் கலப்புக்கு ஏற்ற வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் வாங்கியவர்களுக்கு அந்தச் சின்ன எண்ணால் என்ன ஆறுதல்? லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் மாதம் 1,000 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 6 சதவீதம் குறைந்தால் மாதம் நான்கு லிட்டருக்கு மேல் கூடுதலாகப் போட வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 5,000 ரூபாய் கூடுதல் செலவு. அந்தக் கூடுதல் லிட்டர் ஒவ்வொன்றுக்கும் வரியும் உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மைலேஜ் ஓட்டும் விதத்தையும் டயர் காற்றையும் ஏசியையும் பொறுத்தது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இவையெல்லாம் எரிபொருள் மாறுவதற்கு முன்பும் இருந்தவை; அதே ஆள், அதே வண்டி, அதே வழி என்னும்போது மாறியது எது? எத்தனாலில் ஆக்டேன் அதிகம் என்பதும் சரி. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் எஞ்சின் இருந்தால்தானே பலன்? பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். அங்கே கட்டாயக் கலப்பு நம்மைவிட அதிகம்தான். ஆனால் 2003 முதல் எந்தக் கலப்பிலும் ஓடும் கார்கள் அங்கே விற்பனையில் இருக்கின்றன. எத்தனால் தனி விலையில் கிடைக்கிறது. பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுவது லாபம் என்று மக்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். குறைந்த ஆற்றலுக்குக் குறைந்த விலை என்பது அங்கே சந்தை வழக்கம். நம் வழித்திட்டமும் அப்படித்தான் பரிந்துரைத்தது. இப்போதோ எத்தனால் கொள்முதல் விலை பெட்ரோலைவிடக் கூடிவிட்டது, அதனால் முடியாது என்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைப்பதிலோ அந்நியச் செலாவணி மிச்சமாவதிலோ யாருக்கும் வருத்தமில்லை. அது நாட்டின் நன்மை என்றால் செலவும் நாட்டின் வரவுசெலவுக் கணக்கில் ஏற வேண்டும், பழைய கார்க்காரரின் டேங்கில் அல்ல. 20 சதவீதக் கலப்பை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கொள்கை செல்லும் என்பது வேறு, கணக்கு சரி என்பது வேறு.

அரசின் கணக்கு இப்படி ஆவது புதிதல்ல. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, அந்தப் பலனைக் கலால் வரி ஒன்பது முறை உயர்ந்து விழுங்கியது. 2020 மே மாதம் ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடக்கையில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே இரவில் ஏற்றினார்கள். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று 2017 ஜூனில் தினசரி விலை மாற்றத்தை அறிமுகப்படுத்தியதும் இவர்களே. ஐந்து மாநிலத் தேர்தலையொட்டி 2021 நவம்பரிலிருந்து நான்கு மாதத்துக்கும் மேல் அந்தத் தினசரி விலை அசையாமல் நின்றது. ஓட்டு எண்ணி முடிந்த அதே மாதத்தில் ஏறத் தொடங்கியது. விளம்பரத்தில் வரும் மைலேஜின் கதையும் இதேதான். ஆய்வகத்தில், உருளைகள் மேல், ஏசி போடாமல், மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போகாத ஓட்டத்தில் எடுத்த எண்ணைச் சான்றாக வைத்து ஆண்டுக்கணக்கில் கார் விற்கவிட்டவர்கள், இப்போது மக்கள் சாலையில் எடுக்கும் எண்ணை நம்ப மாட்டோம் என்கிறார்கள்!

விலையிலோ வரியிலோ, பழைய வண்டிகளுக்கான தனிக் கலப்பிலோ, ஏதாவது ஒரு வழியில் இந்த இழப்பு ஈடுசெய்யப்பட வேண்டும். எந்த வழி என்பதை முடிவெடுத்தவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்லும்வரை வாசகர்கள் பெட்ரோல் பில்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள்.