பழைய கணினிக்குப் புதிய வரைகலை அட்டை

சிறிய தோணிக்குப் பெரிய இயந்திரம் பூட்டினால் என்ன நேருமென்பதை வாவிக்கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், வீட்டிலுள்ள பழைய கணினி என்று வந்துவிட்டால் அவ்வறிவை நாம் கரையிலேயே விட்டுவிடுகின்றோம். "வரைகலை அட்டை ஒன்று வாங்கிப் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும், அப்பா" என்று மகன் கேட்கின்றான். எழுவான்கரையில் மீன் விற்ற பணமாயினும், படுவான்கரையில் நெல் விற்ற பணமாயினும், அது உழைத்துச் சேர்த்த பணம். கொடுக்கும் தந்தைக்கும் கேட்கும் மைந்தனுக்கும் பயன்படுமென்றெண்ணி இவ்வாரம் சில சொல்கின்றோம்.

திரையில் தோன்றும் உருவங்களைக் கணித்து வரைந்து தருவதற்கென்றே அமைந்த உறுப்பு வரைகலை அட்டை. பெரும்பாலான கணினிகளில் மத்திய முறைவழி அலகினுள்ளேயே இவ்வேலைக்கு ஒரு சிறு பகுதி உண்டு. கட்டுரை எழுதவும், இணையவழிப் பாடம் கேட்கவும் அதுவே போதும். அவ்வேலைகளிலேயே கணினி தள்ளாடுமாயின், குற்றம் பெரும்பாலும் வன்தட்டிலும் நினைவகத்திலுமே இருக்கும். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தை 8 கிகாபைற்றாக உயர்த்தினால், குறைந்த செலவிலே நிறைந்த பயன் கிட்டும்.

காணொளி தொகுப்பவர், முப்பரிமாண உருவம் அமைப்பவர், விளையாட்டுப் பிரியர் ஆகியோருக்கோ அட்டை வேண்டியதே. கல்லடியில் அழகியற் கற்கை பயிலும் மாணவரொருவர் அதனைக் கேட்பாராயின், அது வீண் ஆசையன்று. அவர் முதலில் நான்கினை அளந்தறிதல் வேண்டும்.

முதலாவது மின்வலு. தாய்ப்பலகையின் பொருத்துவாய் அட்டைக்கு 75 வாற்று வரையே தரும். அதற்கு மேல் வேண்டுமாயின் வலு வழங்கியிலிருந்து தனி வடம் வரவேண்டும். ஆறு முனை வடம் 75 வாற்றும், எட்டு முனை வடம் 150 வாற்றும் தரும். அலுவலகங்களிற் பயன்பட்டு விலைக்கு வரும் கணினிகள் பலவற்றில் இவ்வடங்கள் இல்லை. அவற்றுக்கு 75 வாற்றுக்குட்பட்ட ஜி.ரி.எக்ஸ். 1650 போன்றவையே ஏற்றவை. அவற்றிலும் சில தனி வடம் கேட்பனவாதலின், பார்த்து வாங்குக.

இரண்டாவது இடம். ஒடுங்கிய பெட்டிக்கு அரை உயர அட்டையே பொருந்தும். அடிமட்டம் எடுத்து உள்ளிடத்தை அளந்துகொள்க.

மூன்றாவது திரை இணைப்பு. பழைய திரைகள் பல வி.ஜி.ஏ. வாய் உடையவை, இக்கால அட்டைகளில் அது இல்லை. மாற்றிக்கும் பணம் ஒதுக்கவேண்டும்.

நான்காவது கணினியின் வயது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11, பெரும்பாலும் இன்ரெலின் எட்டாந் தலைமுறைக்கு முந்திய கணினிகளை ஏற்பதில்லை. மத்திய முறைவழி அலகு மிகப் பழையதாயின், விலையுயர்ந்த அட்டையும் அதன் கட்டளையை எதிர்பார்த்துச் சும்மா இருக்கும்.

பெயரை மட்டும் நம்புதலும் ஆகாது. ஜி.ரி. 1030 என்ற ஒரே பெயரில் இருவகை உண்டு, டி.டி.ஆர். 4 நினைவகம் உடையது, ஜி.டி.டி.ஆர். 5 உடையதைவிட மிகவும் மந்தமானது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 அட்டைக்கு 53 வாற்றே போதும். ஆனால் பழைய தாய்ப்பலகையில் அதன் வேகம் குறையும். காணொளியைச் சுருக்கிப் பதியும் உறுப்பும் அதில் இல்லாமையால் தொகுப்பாளருக்கு அது உதவாது. 2016இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. மலிவாகக் கிடைக்கலாம், எனினும் அத்தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்ரோபரோடு நிறுத்திவிட்டது.

பழைய அட்டை வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் நன்று. ஈதர் நாணயம் அகழ்வதற்கு இரவுபகலாக உழைத்த அட்டைகள், 2022 செப்ரெம்பரில் அம்முறை ஒழிந்தபின் சந்தைக்கு வந்தன. உப்புக்காற்றில் நெடுநாட் கிடந்தவற்றின் செப்பு முனைகளிற் களிம்பு ஏறியிருக்கக்கூடும். முனைகளை வெளிச்சத்திற் பார்த்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் கேட்டபின்னரே பணத்தைக் கொடுங்கள்.

மாணவர்காள்! நகரத்துக் கடைக்குப் புறப்படுமுன் வேலை யாது, வலு எவ்வளவு, இடம் எவ்வளவு, வாய் எவ்வகை, வயது என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் காட்டுங்கள். எழுதி முடித்தபின் அட்டை வேண்டுமெனத் தோன்றினால், கேட்பதற்கு நியாயம் உங்கள் கையிலிருக்கும். வேண்டாமெனத் தோன்றினால், பணம் வீட்டிலிருக்கும். இரண்டும் நன்றே.