இடதுகைக் கிற்றார் ஒன்று எங்கே கிடைக்கும்?

ஐந்து மாதங்களாக ஒரு எலக்ரிக் கிற்றார் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கல்ல. சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பிக்கு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையானபோது அவனுடைய தாய் தகப்பனும் எங்களோடுதான் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அடுத்த வருடம் எங்களில் பலர் ஊருக்குத் திரும்பினோம். அவர்கள் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். அவன் பிறந்தது கிளிநொச்சியில். 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் வைத்து ஷெல் சிதறல் ஒன்று அவனது இடது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பாதியோடு கொண்டுபோனது. அப்போது வயது ஒன்பது. செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் புல்மோட்டைக்கு, பிறகு முகாமுக்கு, 2010 இல் தாத்தாவின் வளவுக்கு. இப்போது பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். இரவில் கிற்றார்.

கிற்றார் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே விளங்கும். கடைகளில் தொங்கும் வழமையான கிற்றாரில், வலது கை கம்பிகளை மீட்டும். இடது கை கழுத்தில் கம்பிகளை அழுத்தி எந்தச் சுரம் வரவேண்டும் என்று தீர்மானிக்கும். அவனுக்குப் போனது அழுத்தும் கையின் முதல் இரண்டு விரல்கள். கோர்ட் பிடிப்பதற்கு அந்த இரண்டும்தான் தூண்கள். ஆனால் மீட்டும் சிறு பிளாஸ்ரிக் தகட்டைப் பெருவிரலாலும் மோதிர விரலாலும் அவனால் இறுக்கிப் பிடிக்க முடிகிறது. கைகளை மாற்றினால் போதும். முழுதாக இருக்கும் வலது கை அழுத்தட்டும், குறைந்த இடது கை மீட்டட்டும். அதற்குத் தேவை இடதுகைக்காரருக்கென்று செய்த கிற்றார். அவன் இடதுகைக்காரன் அல்ல. சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான்.

யாழ்ப்பாண நகரில் முதலில் கேட்டோம். "லெஃப்ற் ஹாண்டோ? அது ஒருத்தரும் கேக்கிறேல்லை அண்ணை. எடுத்தால் தூங்கிக்கொண்டுதான் கிடக்கும்" என்றார் கடைக்காரர். பிழை சொல்ல முடியாது. கொழும்பிலும் அதே பதில், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து. ஒரு இடத்தில் சாதாரண கிற்றாரை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி, "இப்படி வாசிக்கலாம்தானே" என்றார் ஒரு விற்பனையாளர். தம்பி சிரித்துவிட்டு வெளியே வந்தான்.

திருப்பி வாசித்தவர்கள் இல்லாமலில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969 இல் வுட்ஸ்ரொக்கில் வாசித்த வெள்ளை ஸ்ராற்றோகாஸ்ரர், வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது. அதைத் தலைகீழாக மாட்டி, கம்பிகளை மட்டும் இடம் மாற்றிக் கட்டியிருந்தார். அல்பேர்ட் கிங் கம்பிகளைக்கூட மாற்றவில்லை. ஆனால் அது எல்லாக் கிற்றாருக்கும் சரிவராது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டை 'நட்' என்போம். அதில் தடித்த கம்பிக்கு அகன்ற வெட்டு, மெல்லிய கம்பிக்கு ஒடுங்கிய வெட்டு. மாற்றிக் கட்டினால் தடித்தது உட்காராது, மெல்லியது ஆடி இரையும். உடலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டிய மொடல் என்றால், திருப்பியதும் மேல் சுரங்களுக்குக் கை எட்டாது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மேற்பக்கம் வந்து முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பாட்டு நடுவே சத்தம் தானாகக் குறையும்.

மிருதங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். வாத்தியத்தைத் திருப்பி வைத்தால் வலந்தலை இடப்பக்கம் வந்துவிடும், வேறு மிருதங்கம் செய்யத் தேவையில்லை. அவருக்கு வந்த சிக்கல் மேடையில். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பாடகரின் மற்றப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு வயலின்காரர் இடம் மாற வேண்டும். எல்லா வயலின்காரரும் அதை விரும்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். ஆக, கருவி சம்மதித்தாலும் பக்கத்தில் இருப்பவர் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

உலகில் பத்துப் பேரில் ஒருவர் இடதுகைக்காரர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. கடைகளில் பத்துக்கு ஒன்று இடதுகைக் கிற்றார் இருக்கிறதா? எங்குமே இல்லை. பெரிய நிறுவனங்கள்கூடத் தங்கள் மொடல்களில் சிலவற்றைத்தான் இடதுகைக்குச் செய்கின்றன, அதிலும் ஒன்றிரண்டு நிறங்களில். கிடைக்காததால் இடதுகைப் பிள்ளைகள் வலதுகைக் கிற்றாரிலேயே பழகிவிடுகிறார்கள். பழகிவிட்டதால் யாரும் வந்து கேட்பதில்லை. கேட்காததால் கடைக்காரர் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் இந்த வட்டம் இன்னும் இறுக்கமானது. இடது கையால் எழுதிய பிள்ளைக்கு அடிமட்டத்தால் அடி விழுந்த வகுப்பறையில்தான் நானும் படித்தேன்.

இதற்கு மேல் டொலர். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்த ஓகஸ்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை அரசு இடைநிறுத்தியது. கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்துவிட்டன. ஆனால் டொலர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அடிபட்ட வணிகர் என்ன செய்வார்? நாளைக்கே விற்கக்கூடியதைத்தான் இறக்குவார். நெருக்கடி தணிந்துவிட்டது என்று கொழும்பில் சொல்லும்போது, அலமாரியில் எது திரும்பி வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். அதிகம் பேர் வாங்குவது முதலில் வரும். ஒருவருக்கு மட்டும் தேவையானது வராது.

எங்களுக்குப் பொருள் கிடைக்காமை புதிதல்ல. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஒரு எலக்ரிக் கிற்றார் இருந்தது. கோயில் திருவிழா மேடைகளில் வாசித்த மூத்தவர் ஒருவரிடம் வாங்கியது. மின்சாரமில்லாத எலக்ரிக் கிற்றார் எவ்வளவு மெல்லிய சத்தம் போடும் என்று எங்கள் தலைமுறைக்குத்தான் தெரியும். காதை உடலோடு ஒட்டி வைத்துக் கேட்க வேண்டும். பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்டோம். அம்பிளிபயரை அது இழுக்காது. கம்பி அறுந்தால் பிறேக் கேபிளிலிருந்து ஒரு இழை உருவிக் கட்டினோம், ஸ்ருதி நிற்காது. 95 இல் அதைச் சுவரில் தொங்கவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஆணி மட்டும் இருந்தது.

ஆனால் அந்தத் தட்டுப்பாடு எல்லாருக்கும் பொதுவானது. அதனால் கண்டுபிடிப்புகளும் பொதுவாகின. ஒருவன் செய்ததை ஊரே செய்தது. இந்தத் தம்பியின் தட்டுப்பாடு அவனுக்கு மட்டும் உரியது.

காயப்பட்ட கைகளைப் பற்றிப் பேசினால் யாராவது ஜாங்கோ ரைன்ஹார்ட்டைச் சொல்வார்கள். 1928 இல் வண்டி வீடு தீப்பற்றியதில் அவரது இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கின. மற்ற இரண்டு விரல்களால் தனி ஆவர்த்தனங்கள் வாசித்தார். எங்கள் தம்பிக்கு எஞ்சியிருப்பது ஜாங்கோவுக்கு முடங்கிய அதே இரண்டு. இன்னும் நெருக்கமான உதாரணம் பிளாக் சபாத்தின் ரொனி ஐயோமி. பேர்மிங்ஹாமில் 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடதுகைக்காரர், ஆகவே அது அழுத்தும் கை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகள் கட்டி வாசித்தார். நுனி போனால் தொப்பி போடலாம். பாதி விரல் போனால் மடிக்க மூட்டு இல்லை.

அவனுக்கு உதவி கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யுத்தத்துக்குப் பிறகு ஒரு திட்டத்தில் அவனது பெயரும் சேர்ந்தது. படிவத்தில் வாழ்வாதாரம் என்ற பகுதியில் ஆடு, கோழி, தையல் இயந்திரம், சிறுகடை. தாய் கோழியைத் தெரிந்தார். அந்தக் கோழிகள் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. வாழ்வாதாரத்தை நான் கேலி செய்யவில்லை; பசித்த வீட்டில் கோழிக்குப் பிறகுதான் கிற்றார். ஆனால் யுத்தம் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும், காயப்பட்டவரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. எதை வைத்துப் பிழைப்பாய் என்று மட்டும் கேட்கிறோம். கையால் என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30 ஆவது உறுப்புரை கலாசார வாழ்வில் பங்குபற்றும் உரிமையைச் சொல்கிறது. ஒருவர் தன் கலைத்திறனை வளர்க்க வாய்ப்பளிக்க வேண்டும், அது அவருக்காக மட்டுமல்ல, சமூகத்தின் செழுமைக்காகவும் என்கிறது. 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் நாடு சேர்ந்தது. உயிர் தப்பியவர்களைச் சமூக வாழ்வில் மீள இணைக்க உதவுவது அதிலும் வருகிறது. இவற்றைப் பற்றிய கூட்டங்களில் சாய்தளமும் செயற்கைக் காலும் பேசப்படுகின்றன, பேசப்படத்தான் வேண்டும். ஆனால் மாற்றி வடிவமைத்த கருவியை அங்கவீன உதவிப் பொருளாகக் கணக்கெடுத்து வரி விலக்குக் கேட்க வேண்டும் என்று எங்கள் பிரதிநிதிகள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிற்றார் மட்டுமல்ல, ஒற்றைக் கையால் இயக்கும் தையல் இயந்திரமும், இடதுகைக் கத்தரிக்கோலும் இதே வரிசைதான்.

இப்போதைக்கு என்ன வழி? சென்னையில் வாங்கி வரலாம். பலாலி விமானம் இருக்கிறது, ஆனால் ஓடுவது சிறிய ஏரிஆர் விமானம். கிற்றாரைப் பொதியோடு கீழே போட்டால் கழுத்து முறியாமல் வருமா என்பது அதிர்ஷ்டம். ஜேர்மனியில் இடதுகைக் கிற்றார்களை விலை கூட்டாமல் விற்கும் பெரிய கடை இருக்கிறது. தபாலில் அனுப்பினால் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து கிற்றாரை விஞ்சிவிடும்.

அதுவரைக்கும் ஒரு வேலை செய்தோம். இரண்டு பக்கமும் வெட்டிய பழைய வலதுகைக் கிற்றார் ஒன்று குறைந்த விலையில் கிடைத்தது. அதன் பிறிஜ்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் தாங்கி, திருகாணியால் முன்பின் நகர்த்தலாம். அதனால் திருப்பினாலும் ஸ்ருதியைச் சரிக்கட்டலாம். நட்டை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். சங்கானையில் ஒரு தச்சர், மாட்டெலும்புத் துண்டை எடுத்து, அரத்தால் ஆறு வெட்டு இழைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. முதல் வெட்டு ஆழமாகப் போய்க் கம்பி இரைந்தது. இரண்டாவது துண்டு சரி. ஒலிக் குமிழ் கையில் படாமல் இருக்கத் தம்பி அதைக் கழற்றிவிட்டு, உள்ளே வயரை நேரே இணைத்துவிட்டான். மோட்டார் சைக்கிள் திருத்துபவனுக்கு அது பெரிய வேலையில்லை. இனிச் சத்தத்தை அம்பிளிபயரில்தான் குறைக்க வேண்டும்.

வலது கை விரல்கள் இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அதே மூன்று கோர்ட் கேட்கிறது. அயலில் ஒரு ஆச்சி, "உதைவிட்டால் வேற ஒண்டும் தெரியாதோ உவனுக்கு?" என்று கேட்டார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து வரும் உறவினர் ஒருவர், உடுப்பைக் குறைத்து ஒரு பெட்டி இடத்தைக் கிற்றாருக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார். இடதுகை மொடலில் கறுப்பு மட்டும்தான் இருக்கிறதாம். தம்பியிடம் சொன்னேன்.

"சிவப்பு இல்லையாமோ மாமா?" என்றான்.