அழிக்க முதல் ஒருக்கா பாருங்கள்

லேப்டாப்பை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது. அதோடு நின்றுவிடுகிறது. ஈஸ்ட் ஹாமில் யாரைக் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான்: "விண்டோஸை அழிச்சுப் புதுசாப் போடு." எனக்கு இதில் உடன்பாடில்லை. அழிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? ஆன் செய்தவுடன் முதலில் ஓடுவது விண்டோஸோ லினக்ஸோ இல்லை. மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர். அது மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் தயார்செய்துவிட்டுத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் பொறுப்பைக் கொடுக்கிறது. கோளாறு அங்கே இருந்தால், டிஸ்க்கை எத்தனை தரம் அழித்தாலும் போகாது.

2013 ஜனவரியில் இது பெரிய செய்தியானது. சில சாம்சங் லேப்டாப்களில் லினக்ஸை பூட் செய்தபின் மெஷின் திரும்ப எழும்பவே இல்லை. சந்தேகம் முதலில் லினக்ஸில் இருந்த ஒரு டிரைவர் மீது விழுந்தது. மேத்யூ காரெட் என்ற டெவலப்பர் அதோடு விடவில்லை. விண்டோஸில் ஓடும் ஒரு சின்ன புரோகிராமாலும் அந்த மெஷினை அப்படியே முடக்கலாம் என்று பிப்ரவரியில் காட்டினார். ஃபர்ம்வேர் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் சிறிய சேமிப்பிடம் அளவுக்கு மேல் நிரம்பினால், அந்த ஃபர்ம்வேரால் எழும்ப முடியவில்லை. பிழை ஃபர்ம்வேரில், பழி லினக்ஸ் மீது. கடைசியாகக் கண்ணில் பட்டவர்தான் குற்றவாளி என்று முடிவெடுத்திருந்தால் உண்மை தெரியவந்திருக்காது.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, முதலில் பாருங்கள். லோகோவுக்குக் கீழே சுற்றும் புள்ளிகள் வருகின்றனவா? வராவிட்டால் பெரும்பாலும் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. செருகியிருக்கும் யூஎஸ்பி, எஸ்டி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லினக்ஸ் என்றால் பூட் வரியில் உள்ள 'குவயட்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எதுவரை வந்து நின்றது என்று திரையில் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள்.

அழித்துப் போட்டால் சிலவேளை சரியாகும், உண்மைதான். ஆனால் ஏன் நின்றது என்று சொல்லக்கூடிய தடயமும், பேக்கப் எடுக்காத உங்கள் கோர்ஸ்வொர்க்கும் சேர்ந்தே போய்விடும். அடுத்த மாதம் அதே லோகோவில் அது திரும்ப நின்றால், கையில் ஒன்றும் இருக்காது.